மீசை முளைக்கக் காத்திருந்த பதினான்கு மாதம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் வீடு. ரேஷன் கார்டு கேரளத்துடையது, பேச்சு தமிழ், சந்தைக்குப் போவது பொள்ளாச்சிக்கு. வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். 2020 ஊரடங்கில் தையல் அடியோடு நின்றுபோனது. அப்போது மகனின் பொழுதுபோக்குக்காக இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி கப்பி மீன் விட்டோம். அது குட்டி போட்டுப் பெருகியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். நாளைக்கு நூறு, நூற்றைம்பது கையில் புரண்டது. மீனையே ஒரு வருமானமாகச் செய்தால் என்ன என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிடித்தது. அந்த ஆசையில் பிளெக்கோ மீனில் இறங்கி மூன்றரை வருடமும் நாற்பத்து மூவாயிரம் ரூபாயும் செலவழித்தேன். அதில் பாதிக்கு மேல், வாங்கின அன்றைக்கு ஒரு நிமிடம் துடுப்பை எண்ணிப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கடைகளில் இந்த மீனுக்கு சக்கர், டேங்க் கிளீனர் என்று பெயர். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். சாதாரண சக்கர் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதே குடும்பத்தில் பிரிஸ்டில்நோஸ் என்று ஒன்று உண்டு. ஆண் மீனுக்கு மூக்கிலும் நெற்றியிலும் மீசை மாதிரி கிளைகிளையாக முளைக்கும். வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிடும், குட்டிக்கு நல்ல விலை. இதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு 2021 ஆகஸ்டில் பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போனேன். இரண்டு அங்குல நீளத்தில் வெளிர் மஞ்சளாக, சிவந்த கண்ணோடு ஆறு மீன்கள் இருந்தன. 'ஆல்பினோ பிரிஸ்டில்நோஸ், ஒன்று இருநூற்றைம்பது' என்றார் கடைக்காரர். மீசையைக் காணோமே என்று கேட்டேன். "பேடிக்கண்டா சேச்சி, ஒரிஜினல் தன்னே. வலுதாகும்போள் மீச வரும்" என்றார். பெரிதானால் மீசை வரும் என்பது உண்மையும்கூட. பொய்யில் பாதி உண்மை கலந்திருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து ஆறையும் வாங்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஜோடி நூறு குட்டி போடும், குட்டி எண்பது ரூபாய் என்று கணக்குப் போட்டு, மீன் வளர்வதற்குள் தொட்டிகளைத் தயார் செய்துவிட வேண்டும் என்று பறந்தேன். நான்கடித் தொட்டி நான்கு, ஒன்று 2,800 வீதம் 11,200. வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டு 4,500. ஃபில்டரும் ஏர் பம்பும் 6,400. ஹீட்டர் இரண்டு 1,500. அந்த ஹீட்டர்களை இன்றுவரை நான் சொருகியதே இல்லை. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூடத் தொட்டித் தண்ணீர் இருபத்து மூன்று டிகிரிக்குக் கீழே போனதில்லை. பிரிஸ்டில்நோஸுக்கு அது போதும். குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்த காணொளியைப் பார்த்துப் பொருள் வாங்கினால் இப்படித்தான் ஆகும். மீனோடு சேர்த்து இருபத்தையாயிரத்துச் சொச்சம். சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தேன். மகளின் காதணிக்கென்று கட்டிக்கொண்டிருந்த சீட்டு அது. இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது.

மீன்கள் நன்றாக வளர்ந்தன. ஒன்று முதல் வாரத்திலேயே செத்துப்போனது, மற்ற ஐந்தும் மாதத்துக்கு மாதம் நீண்டன. ஆறு மாதத்தில் ஆறு அங்குலம். என் தீனிதான் காரணம் என்று எனக்கு அவ்வளவு பெருமை. மாமனார் தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து தொட்டி முன்னால் நிற்பார். "அம்மிணி, மீசை மொளச்சுதா?" என்று கேட்பார். "இன்னும் இல்லீங் மாமா, ரெண்டு மாசம் ஆகட்டும்" என்பேன். பிரிஸ்டில்நோஸ் குழாய்க்குள்தான் முட்டையிடும் என்று மண் குழாய் வாங்கிப் போட்டேன், எந்த மீனாலும் உள்ளே நுழைய முடியவில்லை. இன்னும் பெரிய குழாய் வாங்கினேன். முட்டையிட வைக்க நாள் விட்டு நாள் தண்ணீர் மாற்றினேன். போர் மோட்டார் ஓடி கரண்ட் பில் ஏறியது. ஒன்பது அங்குலம் ஆனது, ஒரு மயிர் முளைக்கவில்லை. ஒரு ராத்திரி ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தது. சக்கர் வகை மீன்கள் ராத்திரியில்தான் நடமாடும். தொட்டிக்கு மூடி போட்டால் போதாது, மேலே கனம் வைக்க வேண்டும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

2022 அக்டோபரில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் ஃபோனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிஸ்டில்நோஸின் முதுகுத் துடுப்பில் ஒரு கெட்டி முள்ளும் அதன் பின்னால் துடுப்பைத் தாங்குகிற மெல்லிய கம்பி மாதிரி ஏழு மென்கதிர்களும் இருக்கும் என்று ஒரு படத்தின் கீழே போட்டிருந்தது. எழுந்து போய் டார்ச் அடித்து எண்ணினேன். கதிர்கள் பன்னிரண்டு. அடுத்த மீனை எண்ணினேன், அதுவும் பன்னிரண்டு. நான்குமே அப்படித்தான். முப்பது ரூபாய் சக்கரின் ஆல்பினோ நிறம். அதற்கு மீசை எந்தக் காலத்திலும் வராது. ஒன்றரை அடி வளரும். அது முட்டையிடுவது ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து ஓட்டுகிற வளைக்குள்ளே. நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் முட்டை கிடைக்காது. தொட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். பணம் போனதைவிட, பதினான்கு மாதம் தினமும் காலையில் ஒரு வயதான மனுஷனுக்கு நம்பிக்கை சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் நெஞ்சை அடைத்தது. ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் எண்ணுவதைச் சொல்லிவிடுகிறேன். முதுகுத் துடுப்பில் முன்னால் இருப்பது கெட்டியான முள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வருகிற மென்கதிர்களை அடியில், முதுகோடு ஒட்டும் இடத்தில் எண்ணுங்கள். நுனியில் எண்ணினால் தப்பாகும், ஏனென்றால் ஒவ்வொரு கதிரும் மேலே போகப்போகக் கிளை பிரியும். ஏழு இருந்தால் பிரிஸ்டில்நோஸாக இருக்க வாய்ப்புண்டு. பத்துக்கு மேல் இருந்தால் அது டெரிகோப்ளிக்திஸ், அதாவது நம் கடைகளில் விற்கும் சாதாரண சக்கர். பழைய புத்தகங்கள் சக்கர் மீனை ஹைப்போஸ்டோமஸ் ப்ளெகோஸ்டோமஸ் என்று எழுதும். உண்மையான ஹைப்போஸ்டோமஸுக்கும் ஏழு கதிர்தான். அதனால் ஏழு இருந்தாலே பிரிஸ்டில்நோஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஆனால் பன்னிரண்டு இருந்தால் நிச்சயமாக அது இல்லை. கடையில் மீன் துடுப்பை மடக்கி வைத்திருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் விறைத்து விரிக்கும், அந்த நொடியில் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆல்பினோவுக்குத் துடுப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். பின்னால் ஒரு கறுப்புத் துணியையோ காகிதத்தையோ பிடித்தால்தான் கதிர் தெரியும். நான் இப்போது பையிலேயே ஒரு கறுப்பு லைனிங் துண்டு வைத்திருக்கிறேன்.

துடுப்பு தவிர இன்னும் சில அடையாளங்கள். பிரிஸ்டில்நோஸ் தலை அகன்று, தட்டையாக, தவளை மாதிரி இருக்கும். மூக்கின் விளிம்பில் எலும்புத் தகடு இல்லாமல் மெத்தென்று ஒரு ஓரம் தெரியும். சக்கருக்கு முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி நீளமாக, முதுகில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வளர்ச்சியும் காட்டிக்கொடுக்கும். பிரிஸ்டில்நோஸ் நான்கு, ஐந்து அங்குலத்தோடு ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் மீன் ஆறு மாதத்தில் ஆறு அங்குலம் ஆனால் என்னை மாதிரிப் பெருமைப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து அறிவியல் பெயர் சூட்டும் வேகத்தைத் தாண்டிப் புதுப்புது பிளெக்கோக்கள் வந்து இறங்கியதால், 1988-ல் ஜெர்மனியின் டாட்ஸ் என்ற மீன் வளர்ப்பு இதழ் ஒவ்வொன்றுக்கும் எல் என்ற எழுத்தோடு ஓர் எண் கொடுக்க ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜீப்ரா பிளெக்கோ எல்46. அது பிரேசிலின் ஜிங்கு ஆற்றில் மட்டும் வாழ்கிற மீன். இந்த எண்களைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. எண் என்பது ஒரு புகைப்படத்துக்கும் பிடித்த இடத்துக்கும் கொடுத்த அடையாளம், தரச் சான்று இல்லை. தீனியும் வகைக்கு வகை மாறும். ஜீப்ரா பாசி தின்னாது, புழு, இறால் மாதிரி மாமிசத் தீனிதான் அதற்கு முக்கியம். எல்லா பிளெக்கோவும் பாசி தின்னும் என்று நம்பி வாங்கினால் மீன் பட்டினி கிடக்கும். முதலில் எது என்று தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள்.

விஷயத்தை வீட்டில் சொன்ன அன்று மாமனார் கோபப்படவில்லை. "உடு அம்மிணி, வாய்க்கால்ல உட்டுறலாம். பொழச்சுப் போகட்டும்" என்றார். பாவம், அவர் இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அது சரி என்றே பட்டது. எங்கள் வாய்க்காலில் வருவது ஆழியாற்றுத் தண்ணீர். அது சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்கிறது. திருவனந்தபுரத்துக் கால்வாய்களில் இந்த சக்கர் மீன் பெருகிக் கிடக்கிறது. ஆந்திராவிலும் ஏரி குளங்களில் பரவி, வலை வீசுகிறவர்கள் பேய் மீன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் எலும்புக் கவசம், துடுப்பில் முள். வலையைக் கிழிக்கும், வாங்குவார் கிடையாது. கரையைக் குடைந்து முட்டை வைக்கும், ஆண் காவல் காக்கும். ஆக்சிஜன் இல்லாத சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். நாலே நாலு மீன்தானே என்று விட்டவர்களாலும்தான் அங்கெல்லாம் இப்படி ஆனது. நான் மாட்டேன் என்றேன். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஆறடிக்கு மூன்றடி சிமென்ட் தொட்டி கட்டி நான்கையும் அதில் விட்டேன். 8,500 ரூபாய். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்கும்போதே கேளுங்கள்: இந்த மீன் எவ்வளவு பெரிசாகும், பெரிசானால் திருப்பி எடுப்பீர்களா என்று. பதில் வரும் விதத்திலேயே கடையைப் பற்றித் தெரிந்துவிடும்.

2023 ஜனவரியில் சென்னையில் ஒரு கல்யாணம். அதைச் சாக்காக வைத்துக் கொளத்தூருக்குப் போனேன். வண்ண மீனுக்குப் பேர்போன இடம், தெருத்தெருவாகக் கடை. இந்தத் தடவை துடுப்பை எண்ணி, தலையைப் பார்த்து, பழுப்பு நிற பிரிஸ்டில்நோஸ் எட்டு வாங்கினேன், ஒன்று 120. போக்குவரத்து 1,400. ஆக்சிஜன் அடைத்த கவரில் ராத்திரி ரயிலில் கொண்டு வந்ததில் இரண்டு செத்துப்போயின. இந்த மீனின் முள் கவரைக் குத்தும், இரட்டைக் கவர் போட்டுக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் மீனுக்கு ஒரு நாளாவது தீனி போடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். வயிறு நிறைய இருந்தால் கவர்த் தண்ணீரிலேயே கழித்து அந்த அம்மோனியாவிலேயே சாகும். வந்ததும் மீனைத் தொட்டியில் கொட்டாமல், அரை மணி, முக்கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நம் தண்ணீரைக் கலந்து பழக்கினேன். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, என் மீட்டரில் 1,100 காட்டும். கிழக்குப் பாலக்காட்டுத் தண்ணீர் அப்படித்தான், குக்கரில் வெள்ளையாகப் படியும்.

அடுத்த தவறு ஆண் பெண் விஷயத்தில். இரண்டு அங்குலத்தில் பிரிஸ்டில்நோஸில் ஆண் பெண் பிரிக்க முடியாது. மாதங்கள் போய் மூன்று அங்குலம் ஆனபோது இரண்டுக்கு மூக்கு ஓரத்தில் குட்டையாக மீசை வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மாமனார் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டும் பெண். பெண்ணுக்கும் மூக்கின் விளிம்பில் மட்டும் வரிசையாகச் சின்ன முள் மாதிரி வரும். ஆணுக்கு அது நீண்டு, தடித்து, இரண்டு மூன்றாகக் கிளை பிரிந்து, நெற்றி நடுவிலும் ஏறும். விளிம்போடு நின்றால் பெண், நெற்றிக்கு ஏறினால் ஆண். இது தெரியாமல் அக்டோபர் வரை ஆறு பெண் மீனை வைத்துக்கொண்டு முட்டைக்குக் காத்திருந்தேன். ஆறும் பெண்ணாக அமைந்தது என் நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். கேட்டால் திரும்பவும் ஏமாந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் கேட்கவில்லை. நவம்பரில் கோயம்புத்தூரில் வீட்டில் மீன் வளர்க்கும் ஒருவரிடம் நன்றாக மீசை விரிந்த ஆண் ஒன்றை 600 கொடுத்து வாங்கி வந்தேன். தொட்டிக்கு ஒரு ஆண் போதும், இரண்டு இருந்தால் குழாய்க்குச் சண்டை போட்டு ஒன்றின் கன்னம் கிழியும்.

குழாய் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண் உள்ளே நுழைந்தால் பக்கவாட்டில் லேசாக உரச வேண்டும். நான்கு அங்குல மீனுக்கு ஐந்து, ஆறு அங்குல நீளம், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வாய், பின்பக்கம் அடைத்திருக்க வேண்டும். அகலமாக இருந்தால் பெண் உள்ளே போய்விட்டு ஆண் தடுக்கும் முன்னே வெளியே ஓடிவந்துவிடும். மண்பானை செய்கிறவரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கினேன், எட்டு குழாய். மரக்கட்டையும் ஒன்று போட வேண்டும், சுரண்டித் தின்னும். காய்ந்த நாட்டு வாதுமை இலை நாலைந்து போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், முட்டையில் பூஞ்சை பிடிப்பது குறையும். அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் இலவசமாகக் கிடக்கிறது.

டிசம்பரில் முதல் முட்டை. ஆரஞ்சு நிற ஜவ்வரிசியைக் கொத்தாக ஒட்டி வைத்த மாதிரி, குழாய்க்குள்ளே, ஆண் மேலே படுத்து வாலால் விசிறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காத்திருந்த காட்சி. நான் செய்தது என்ன தெரியுமா? மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தேன், மகனுக்குக் காட்டினேன், மாமனாருக்குக் காட்டினேன், படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் காலையில் முட்டைக்கொத்து வெளியே கிடந்தது. ஆண் தள்ளிவிட்டிருந்தது. புது ஆண்கள் முதல் ஒன்றிரண்டு தடவை இப்படி முட்டையைக் கைவிடுவது சகஜம், வெளிச்சம் அடித்தால் நடக்க வாய்ப்பு இன்னும் அதிகம். தள்ளிவிட்ட முட்டையைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று அப்போது தெரியாது. அதே தொட்டித் தண்ணீரை ஒரு டப்பாவில் எடுத்து, ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ விட்டு, ஏர் ஸ்டோனை முட்டைக்குப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் அசைகிற மாதிரி செய்தால் பாதிக்கு மேல் பொரிக்கும். வெள்ளையாகிற முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். அந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது, ஃபில்டரில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும்.

2024 பிப்ரவரியில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை தொட்டிக்குத் துணி போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பொரித்தது. குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் பையோடு ஒரு வாரம் குழாய்க்குள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்து கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டன. எண்ணினேன், அறுபத்து நான்கு. பத்தே நாளில் ஐந்து மிச்சம். இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குக் கைவிட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். மஞ்சள் பை தீர்ந்த நாளிலிருந்து இந்தக் குஞ்சுக்கு வயிறு காலியாக இருக்கவே கூடாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று போட்டால் பட்டினிதான். சரி என்று நான் வெள்ளரித் துண்டுகளை நிறையப் போட்டேன். அது ஒரு நாளில் குழைந்து தண்ணீரைக் கெடுத்து, அம்மோனியா ஏறி, பட்டினியில் தப்பியதும் செத்தது. பாதியை ஃபில்டரும் உறிஞ்சிக்கொண்டது.

இப்போது நான் செய்வது இது. தொட்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியில் பாசியைத் துடைக்காமல் விட்டுவைக்கிறேன். குஞ்சு எப்போதும் சுரண்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கல் போட்டுப் பாசி பிடிக்க வைத்து, மாற்றி மாற்றித் தொட்டிக்குள் வைக்கிறேன். வெள்ளரி, பூசணி, பீன்ஸ், பாலக்கீரை, எல்லாவற்றையும் வெந்நீரில் ஒரு கொதி விட்டு ராத்திரி போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். சந்தைக் காயில் மருந்தடித்திருக்கும், தோட்டத்துக் காய்தான் போடுவேன். குஞ்சு இருக்கும் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றம், அடியில் இருக்கும் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பேன். இந்த மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்கத் தின்று விடிய விடியக் கழிக்கிற மீன் இது, சுத்தம் செய்ய வேண்டியது நாம்தான்.

ஏப்ரலில் மூன்றாவது தடவை. அந்த வருட ஏப்ரல் கடைசியைப் பாலக்காட்டுக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள், வெப்ப அலை எச்சரிக்கை விட்டிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. ஒரு சாயங்காலம் கரண்ட் போனது, வந்தபோது விடியற்காலை மூன்று மணி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதில் ஏர் பம்பும் நின்றால் என்ன ஆகும்? நான் தனியாக டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு தொட்டி, இரண்டு கை. வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். விடிந்தபோது நாற்பது குஞ்சுகளில் ஒன்றும் இல்லை. பெண் மீன்களிலும் இரண்டு போய்விட்டன. தொழுவத்துச் சிமென்ட் தொட்டியில் அந்த நான்கு சக்கரும் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து அத்தை, "போதும் கண்ணு, எல்லாத்தையும் வித்துப்போட்டுத் தையலைப் பாரு" என்றார். விற்பதற்கும் ஒன்றும் பெரிதாக இல்லை. மறுநாள் 850 ரூபாய்க்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வாங்கினேன். கரண்ட் போனால் தானாக ஓடும். ஹீட்டருக்குக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறை இதற்குக் கொடுத்திருக்க வேண்டும். எல்லைப்புறத்தில், கோடையில் மீன் வளர்க்கிறவர்கள் மீன் வாங்குவதற்கு முன்னாலேயே வாங்க வேண்டிய பொருள் இதுதான். தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்து, மூடியைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை மேற்பரப்பில் ஓடவிட்டால் இரண்டு டிகிரி இறங்கும் என்பதும் அப்புறம் தெரிந்தது.

ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. ஓட்டுக் கூரையின் முதல் இரண்டு மழைத் தண்ணீரை விட்டுவிட்டு, மூன்றாவது மழையை டிரம்மில் பிடித்தேன். பாதி போர் தண்ணீர், பாதி மழைத் தண்ணீர், டிடிஎஸ் ஐந்நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. முழுக்க மழைத் தண்ணீர் வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் பி.ஹெச் திடீரென்று சரிந்து தண்ணீர் அமிலமாகிவிடும். தொட்டியில் இருப்பதைவிட மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீரை, மூன்றில் ஒரு பங்கு, சாயங்கால நேரத்தில் மாற்றினேன். அமேசான் பக்கத்து ஆறுகளில் மழைக்காலம் தொடங்கும்போது நடப்பதும் இதுதான். மூன்றாம் நாள் காலை ஆண் குழாயை விட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்க்கவில்லை, வாலின் அசைவு மட்டும் தெரிந்தது, போதும் என்று துணியைப் போட்டுவிட்டேன். அந்த ஈட்டில் எழுபத்தொரு குஞ்சு வெளியே வந்தது. மூன்று மாதம் கழித்து ஒன்றரை அங்குலத்தில் ஐம்பத்தெட்டு இருந்தன.

காசுக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். தொட்டி, மீன், சிமென்ட் தொட்டி, தீனி, மருந்து எல்லாம் சேர்த்து நாற்பத்து மூவாயிரம் போனது. 2025 தொடக்கம் வரை குட்டி விற்றதில் வந்தது பதினோராயிரத்துச் சொச்சம். கடையில் நூறு ரூபாய்க்கு விற்கிற குட்டிக்கு நம்மிடம் கொடுப்பது இருபத்தைந்து, முப்பது. நூறு குட்டி கொண்டுபோனால் இருபது போதும் என்பார்கள். நேரடியாக வளர்ப்பவர்களுக்கு விற்றால் அறுபது கிடைக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேச வேண்டும். இதை நம்பித் தையலை விட்டுவிட முடியாது. மகளின் சீட்டை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன், அது தையல் காசில்தான்.

குட்டி வாங்க வருகிறவர்களிடம் மகன்தான் இப்போது அந்தக் கறுப்புத் துணியைப் பிடிக்கிறான். ஏழு எண்ணிக் காட்டுவான். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய், சிமென்ட் தொட்டியில் பதினாறு அங்குலத்துக்குக் கிடக்கும் மஞ்சள் சக்கரைக் காட்டி, இதில் எத்தனை என்று கேட்பான். மாமனார் காலைக் காபியை இப்போது அங்கேதான் குடிக்கிறார். அரைப் பூசணியைக் கல் கட்டி உள்ளே இறக்கிவிட்டு, நான்கும் வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.